ஏழாவது காருக்கு இடமில்லை

தரையில் கிடக்கும் கம்பியை எவனும் தொடக்கூடாது. கோட்டைமுனைக் கார் ஸ்டாண்டின் சட்டம் அது. யாரும் எழுதி ஒட்டிய சட்டமல்ல. ஆனாலும் அதை மீறிய ஒருவன் இப்போது ஏறாவூர்ப் பக்கம் விறகு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

கம்பி என்றால் காரை ஸ்டார்ட் பண்ணும் கம்பி. இரண்டு இடத்தில் மடங்கிய இரும்பு. அதைக் காரின் மூக்குக்குக் கீழே செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும். வாடகைக் கார்க்காரன் சோறு தின்னப் போனாலும், தொழப் போனாலும், வீட்டில் அவசரம் என்று காரோடு ஓடினாலும், கம்பியைத் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போவான். திரும்பி வரும்வரை அந்த இடம் அவனுடையது. சவாரி கிடைத்துப் போகிறவனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவன் கம்பியோடு போய், திரும்பி வந்து கடைசியில் நிற்க வேண்டும்.

கம்பியை வைத்துவிட்டுக் காரோடு போகிறவன் போகும் இடத்தில் எஞ்சினை நிறுத்தமாட்டான். உறுமிக்கொண்டே நிற்கவிடுவான். தப்பித் தவறி நின்றுவிட்டால் நாலு பேர் தள்ளிவிடுவார்கள். ரயில் மட்டக்களப்புக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான் நடந்துவந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மார்கழி மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. வாவி கலங்கி, கரையோரத் தாழைகளை முழுங்கிவிட்டிருந்தது. ஸ்டாண்டில் ஏழு கார்கள் மூக்கும் வாலுமாக நின்றன. ஏழு டிரைவர்களும் தேத்தண்ணிக் கடையின் தாழ்வாரத்தில் ஒடுங்கியிருந்தார்கள். யாருக்கும் சவாரி வேண்டாம். சவாரியே வந்துவிடக் கூடாது என்று ஏழு பேரும் வேண்டிக்கொண்டிருந்த நாள் அது ஒன்றுதான்.

காரணம் நகரசங்கத்தில் தெரு வேலை பார்க்கும் ஓவசியர். தெருவில் கண்டபடி கார் நிற்கக் கூடாது, கோட்டைமுனையில் ஆறு கார்களுக்கு மட்டுமே இடம் என்று சங்கம் முடிவெடுத்துவிட்டது. ஓவசியர் இன்று வந்து சுண்ணாம்பால் கோடு போட்டு இலக்கம் எழுதுவார். கோட்டுக்கு வெளியே நின்று ஆள் ஏற்றினால் பொலிஸ் பிடிக்கும். ஆறு பேர் யார்?

"அவர் வாற நேரம் ஆர் நிக்கானோ அவன்ட இடம். கார் இல்லாட்டி கம்பி கிடக்கோணும். ஓவசியர் ஐயாவோட நான் பறைஞ்சிட்டன், அவருக்கும் சம்மதம்" என்றார் வல்லிபுரம். ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர் அவர். முறை விஷயத்தில் சொந்தத் தம்பியையே ஒருமுறை வரிசையிலிருந்து இறக்கியவர்.

"அப்ப ஆரும் அசையமாட்டம். ஏழும் நிக்கும். மறுகா என்ன செய்யிற?" என்று கேட்டான் மர்சூக். காத்தான்குடிக்காரன். முப்பது வயது. அவன் ஓட்டிய கார் மனைவி வீட்டுக் கார். கல்யாணத்தோடு வந்தது.

"ஏழாவதா நிக்கிறவர் இறங்கிறது. நீங்க காத்தான்குடியில போய் நிப்பாட்டுங்களன் காக்கா. பள்ளிவாசலுக்கு முன்னுக்கு நல்ல நிழல்" என்றான் இளையதம்பி. மர்சூக்கை அண்ணன் முறையில் காக்கா என்பான். ஸ்டாண்டுக்குக் கடைசியாக வந்தவன். ஆனால் அன்று வரிசையில் முதலாவதாக நின்றவன். மர்சூக் ஏழாவது.

"அங்க ஆருடா கார் ஏறுவான்? எல்லாருக்கும் சைக்கிள் இரிக்கி. நீ போ கல்லடிக்கு. மீனெல்லாம் வரிசையில நிண்டு உன்ட கார்ல ஏறும்."

சிரிப்பு எழுந்தது. இளையதம்பி சிரிக்கவில்லை. போன கிழமைதான் இருவரும் ஒரு சவாரிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்.

சிரிப்பு அடங்குமுன் ஒரு சைக்கிள் சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்து விழுந்தது. முத்தலிப். மர்சூக்கின் மனைவியுடைய தம்பி. தறியிலிருந்து எழுந்து அப்படியே ஓடிவந்திருந்தான். இடுப்புச் சாரத்தில் நூல் துகள் ஒட்டியிருந்தது.

"மச்சான்! ராத்தாவுக்கு ஏலாம இரிக்கி. புள்ள குறுக்கால கிடக்காம். தன்னால ஏலாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க எண்டு மருத்துவிச்சி சொல்லிட்டா. உம்மா உங்களக் கெதியா வரட்டாம்!"

மர்சூக் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை உருண்டது. காருக்கு ஓடினான். கம்பியைச் செருகிச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இருமி, உறுமியது. கம்பியை உருவினான்.

உருவியவன் நின்றான்.

இடம்!

ஒரு கணம்தான். குனிந்து கம்பியைத் தரையில், தன் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"காக்கா, கம்பிய எடுத்திட்டுப் போங்க. மழை கொட்டுது. வழியில நிண்டா என்ன செய்வீங்க?" இளையதம்பி தாழ்வாரத்திலிருந்து கத்தினான்.

மர்சூக் திரும்பினான். முகம் வெளிறியிருந்தது. "எடுத்தா இடம் ஆருக்கு? உனக்குத்தானே?"

"இடத்தைப் பறையாதீங்க, பொஞ்சாதியப் பாருங்க!"

"என்ட பொஞ்சாதிய நான் பாக்கன். நீ கம்பியத் தொட்டுப் பாரு, கைய முறிப்பன்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கார் மழைக்குள் புகுந்து மறைந்தது. கம்பி தரையில் கிடந்தது. அதன் மேல் மழை துள்ளியது.

வல்லிபுரம் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்துபோய்த் தன் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குடை தாழ்வாரத்தை நோக்கி வந்தது. கொக்கட்டிச்சோலைக் கந்தப்போடியார். வாவிக்கு அப்பால் பெரிய வயல் வட்டைக்குச் சொந்தக்காரர். தோளில் பட்டுச் சால்வை, கையில் வெற்றிலைத் தட்டம் கட்டிய பொட்டலம்.

"ஆர் முதலாவது? கல்லடிக்குப் போகோணும். சம்பந்தம் பேசுற வீடு, சுணங்கேலாது."

மற்ற ஐந்து பேரும் இளையதம்பியைப் பார்த்தார்கள். முறை வந்தவன் மாட்டேன் என்றால் முறையே போய்விடும். அதுவும் சட்டம்தான்.

"ஏறுங்க போடியார்" என்றான் இளையதம்பி. கம்பியைச் சுற்றினான். எஞ்சின் பிடித்ததும் அதைக் காருக்குள் எறிந்தான். ஓவசியர் வருமுன் கல்லடிக்குப் போய்த் திரும்பிவிடலாம். கெதியாக ஓட்டினால் முடியும்.

காத்தான்குடியில், ஒழுங்கைக்குள் கார் உறுமிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆண்கள் வேலிக்கு அப்பால் விலகி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமியார் சபூராவும் மருத்துவிச்சியுமாக மர்சூக்கின் மனைவி றஸீனாவைப் பாயோடு தூக்கி வந்தார்கள். முகம்வரை போர்த்தியிருந்தது. பாயின் நுனியிலிருந்து மழைத்தண்ணீரோடு வேறு ஏதோவும் சிவப்பாக வடிந்தது.

"பின்னுக்கு நீட்டிக் கிடத்துங்க. காலப் பிடிங்க. யா அல்லாஹ்!" சபூரா தலைமாட்டிலும் மருத்துவிச்சி காலடியிலும் ஏறிக்கொண்டார்கள். "மருமகன், விட்டு ஓட்டுங்க. ஆனா குலுக்கிராதீங்க."

எப்படி விட்டு ஓட்டுவது, எப்படிக் குலுக்காமல் ஓட்டுவது! மர்சூக் இரண்டையும் செய்யப் பார்த்தான். மணல் ரோட்டில் தண்ணீர் அச்சு உயரத்துக்கு ஓடியது. பின் சீற்றிலிருந்து முனகல் வந்தது. சில சமயம் முனகல் நின்றது. நின்றபோதுதான் அவனுக்குப் பயம் அதிகமானது.

"றஸீனா! றஸீனா, பேசுகா!"

"நான் இரிக்கன்" என்றாள் அவள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. "நீங்க ரோட்டப் பாருங்க."

கல்லடிப் பாலம் வந்தது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஒற்றை வண்டிப் பாதை. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும். ஏதாவது வந்தால் பொறுத்திருந்து ஏறுவார்கள். இன்று மழைத் திரைக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. மர்சூக் ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி ஏறினான். அவனுக்குப் பின்னால், கார் ஏறிய துணிச்சலில், சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளும் ஏறின.

பாலத்தின் நடுவில் இரண்டு மங்கலான வெளிச்சங்கள் எதிரே முளைத்தன.

மர்சூக் பிரேக்கை மிதித்தான். கார் வழுக்கி, இழுபட்டு, எதிரே வந்த காரின் மூக்குக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. நின்ற வேகத்தில் எஞ்சினும் நின்றது.

"என்ன மருமகன்? ஏன் நிப்பாட்டின? இறங்கிச் சுத்துங்களன்!"

மர்சூக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"சுத்துங்க எண்டு சொல்றன்!"

"கம்பி இல்ல மாமி."

"என்ன?"

"கம்பிய ஸ்டாண்டில வெச்சிட்டு வந்திட்டன். இடத்துக்கு."

சபூரா அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. மகளின் தலையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

எதிர்க் காரின் கதவு திறந்தது. இறங்கி ஓடிவந்தவன் இளையதம்பி.

"பின்னுக்கு எடுங்க காக்கா! எனக்கு நேரமில்ல!" என்று கத்திக்கொண்டு வந்தவன், கண்ணாடிக்குள் பின் சீற்றைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "எஞ்சின் நிண்டிட்டா?"

மர்சூக் தலையசைத்தான்.

"மடையன்! அப்பவே சொன்னன்தானே!" இளையதம்பி தன் காருக்கு ஓடித் தன் கம்பியோடு வந்தான். மர்சூக்கின் காரில் செருகிச் சுற்றினான். கம்பி பிடிப்பில்லாமல் லொடலொடவென்று சுழன்றது. வேறு கார், வேறு அளவு. மறுபடி செருகினான். மறுபடி லொடலொட. விரல் முட்டி இரும்பில் அடிபட்டு இரத்தம் கசிந்தது.

"தள்ளிப் பாப்பமா?"

"எங்கால தள்ளுற? முன்னுக்கு நீ. பின்னுக்கு மாடு."

பின்னால் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மாடு பின்னுக்கு நடக்காது. வண்டிக்காரர்கள் கத்தினார்கள். யாரோ தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டினான். காருக்குள்ளே றஸீனா ஒரு சத்தம் போட்டாள். திட்டியவனும் வாயை மூடிக்கொண்டான்.

மருத்துவிச்சி வெளியே தலை நீட்டினாள். "என்னய்யா நிக்கிறீங்க? இன்னும் கொஞ்சம் சுணங்கினா ரெண்டும் இல்ல. சொல்லிப்போட்டன்."

இளையதம்பி ஒருமுறை பட்டணத்துப் பக்கம் பார்த்தான். பிறகு தன் காருக்குத் திரும்பினான்.

"போடியார், இறங்குங்க."

"என்னத்துக்கு?"

"அந்தப் பிள்ளையை என்ட கார்ல ஏத்தி, பின்னாலயே எடுத்துக்கொண்டு போகப்போறன்."

"பாலம் முழுக்கப் பின்னாலயா? விசரா உனக்கு? நான் ஏறின கார் இது. பட்டுச் சால்வையோட நடுப் பாலத்தில இறங்கி நிக்கச் சொல்றாய்?"

முதல் வண்டியிலிருந்து ஒரு பெண் குதித்தாள். சீதேவிப்பிள்ளை, மண்டூரிலிருந்து சந்தைக்குத் தயிர் முட்டி கொண்டுவருகிறவள். நடந்ததை எல்லாம் வண்டிக்குள்ளிருந்தே பார்த்திருந்தாள்.

"போடியார், சால்வை நனைஞ்சா காயும். உங்கட அம்மா உங்களப் பெறாம, வட்டையில சூடு மிதிக்கக்குள்ள பொறுக்கியெடுத்தவவா? இறங்குங்க!"

"நாக்கைப் பாரு இவட! குடைக்குள்ள நிக்கவும் இடமில்லாமக் காத்து அடிக்குது..."

"தயிர் முட்டி மூடுற சாக்கு தாறன். தலையில போடுங்க. சம்பந்தக்காரர் பாத்தா நல்லாத்தான் இருக்கும்."

கந்தப்போடியார் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். வெற்றிலைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சீதேவிப்பிள்ளை வண்டிகளில் இருந்த பெண்களைக் கூவி அழைத்தாள். மீன்காரிகள், கீரைக்காரி, கோயிலுக்குப் போன இருவர். ஆளுக்கொரு முந்தானை, ஆளுக்கொரு சாக்கு. இரண்டு கார்களுக்கும் நடுவே துணிச் சுவர் எழும்பியது.

"ஆம்பிளையள் அங்கால பாருங்க! உம்மா, பயப்பிடாதீங்க. நாங்க பிடிக்கிறம். தலைப்பக்கம் ஆரு? மெல்ல, மெல்ல..."

மர்சூக் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் தன் மனைவியை யார் யாரோ தூக்கிக் கொண்டுபோகிறார்கள். அவள் குரல் வரவில்லை. ஒரு குரல் வரட்டும் என்று காத்து நின்றான். வரவில்லை.

"ஏத்தியாச்சு!"

இளையதம்பி மழைக்குள் தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் திரும்பினான். "காக்கா, ஓடுங்க! அந்த முனையில வண்டி ஒண்டும் ஏறாமப் பாருங்க. ஏறினா எல்லாம் முடிஞ்சுது!"

மர்சூக் ஓடினான். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மற்றதையும் உதறினான். பாலத்தின் பலகைகள் காலடியில் அதிர்ந்தன. பின்னால் இளையதம்பியின் கார் வாலை முன்னே நீட்டிக்கொண்டு, சட்டத்தில் இடிக்காமல், பாம்பு பொந்துக்குள் திரும்புவதுபோல நெளிந்து வந்தது. முனையில் ஒரு வைக்கோல் வண்டி ஏறத் தொடங்கியிருந்தது. மர்சூக் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். "பின்னுக்கு! பின்னுக்கு!" வண்டிக்காரன் சவுக்கை ஓங்கினான். மர்சூக்கின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான். இருவருமாக மாட்டை இழுத்து வண்டியைக் கரையோரச் சரிவில் இறக்கினார்கள். இளையதம்பியின் கார் அந்த இடைவெளியால் வெளியே வந்தது.

மர்சூக் மிதிபலகையில் தொற்றிக்கொண்டான். கார் திரும்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் றஸீனாவை உள்ளே கொண்டுபோனதும் இளையதம்பி காரைத் திருப்பினான். மர்சூக் ஜன்னலைப் பிடித்தான்.

"நீ ஸ்டாண்டுக்குப் போ. ஓவசியர் வந்திருவார்."

"போடியார நடுப் பாலத்தில விட்டிட்டு எப்பிடிப் போற? சவாரி முடியலியே. உங்கட காரும் வழிய மறிச்சுக்கொண்டு நிக்குது. நான் அங்க போறன். நீங்க புள்ளைட வெசளம், நல்லதோ கெட்டதோ, கேட்டிட்டு, ஸ்டாண்டில உங்கட கம்பிய எடுத்திட்டு ஓடி வாங்க."

போய்விட்டான்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் டிஞ்சர் மணம். மர்சூக்கின் காலடியில் ஒரு குட்டைத் தண்ணீர் தேங்கியது. ஓதத் தெரிந்ததை எல்லாம் ஓதினான். ஓதி முடிந்ததும் திரும்ப ஓதினான். கதவுக்கு அப்பால் யாரோ ஓடுவதும், தட்டு ஒன்று விழுவதும் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. சபூரா.

"பொம்புளப் புள்ள" என்றாள். "டொக்டர் கைய விட்டுத் திருப்பி எடுத்தாராம். றஸீனா கண் முழிச்சிட்டா. தண்ணி கேட்டா."

மர்சூக் சுவரோடு தரையில் உட்கார்ந்தான்.

சபூரா பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சொன்னாள்:

"பொம்புளப் புள்ள மருமகன். அதுக்கொரு வீடு கட்டோணும். காரப் பாருங்க. இடத்தப் பாருங்க. ஓடுங்க."

மழை விட்டிருந்தது. ஸ்டாண்டில் ஓவசியர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வடிந்த தரையில் சங்கத்து ஆள் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். ஐந்து கட்டங்கள் முடிந்துவிட்டன. ஐந்து கட்டங்களிலும் ஐந்து கார்கள். ஆறாவது கட்டத்தில் கார் இல்லை. கம்பி மட்டும் கிடந்தது. ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

"இது ஆர்ர கம்பி?" என்று கேட்டார் ஓவசியர்.

வல்லிபுரம் வாயைத் திறந்தார். அதற்குள் மர்சூக் வெறுங்காலோடு வந்து நின்றான். டிரைவர்கள் வழி விட்டார்கள்.

"இந்தா, ஆள் வந்திட்டான். மர்சூக், என்னடா, புள்ள?"

"நல்லாயிரிக்கி அண்ணே. ரெண்டு பேரும் நல்லாயிரிக்காங்க."

"அப்ப சரி. பேர் குடு ஐயாவுக்கு."

மர்சூக் கம்பியைப் பார்த்தான். அது அவனுடைய கம்பி. அவனுடைய இடம். சட்டப்படி எவனும் ஒரு சொல் சொல்ல முடியாது. மாமியார் வீட்டுக் கார். பிறந்து ஒரு மணி நேரமாகாத மகளுக்கு ஒரு வீடு. பாலத்தில் ஒருவன் தலையை மழைக்குள் நீட்டிக்கொண்டு பின்னாலேயே கார் ஓட்டியபோது, அவனுக்கும் இந்த இடம் தெரியாமலா இருந்தது?

"இது என்ட இல்ல ஐயா" என்றான்.

"பின்ன ஆர்ர?"

"இளையதம்பிட."

தேத்தண்ணிக் கடைக்காரன் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை நிறுத்தினான். ஒரு டிரைவர், "அவன் சவாரியெல்லோ போனவன், சவாரிக்குப் போனவன்ட கம்பி எப்பிடி இஞ்ச..." என்று தொடங்கினான்.

"வாயப் பொத்து" என்றார் வல்லிபுரம்.

ஓவசியர் வல்லிபுரத்தைப் பார்த்தார். "என்ன வல்லிபுரம்? நீதானே இவங்களுக்கெல்லாம் பெரியவன். சொல்லு. ஆர்ர இது?"

வல்லிபுரம் மர்சூக்கைப் பார்க்கவில்லை. கம்பியையும் பார்க்கவில்லை. தன் காரின் மட்கார்டில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டினார்.

"இளையதம்பிடதான் ஐயா."

சங்கத்து ஆள் கோட்டை இழுத்து முடித்தான். கம்பியைச் சுற்றிக் கட்டம் மூடியது. ஆறு என்று எழுதினான்.

"அப்ப உன்ட கார் எங்க?" ஓவசியர் மர்சூக்கைக் கேட்டார்.

"பாலத்தில நிக்குது ஐயா."

"பாலத்தில நிப்பாட்ட ஏலாதே! சனமெல்லாம் மறிபட்டு நிக்கும்!"

"எடுக்கத்தான் போறன் ஐயா."

கம்பியை எடுத்தால் கட்டம் காலியாகிவிடும். இளையதம்பியின் கார் வந்து நிற்கும்வரை அது அங்கேயே கிடக்க வேண்டும். மர்சூக் வெறுங்கையோடு திரும்பி நடந்தான்.

பாலத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. கந்தப்போடியார் சாக்கைத் தலையிலிருந்து எடுக்க மறந்தவராய், பட்டண முனையில் ஓரமாக நின்ற இளையதம்பியின் காருக்குள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பொட்டலம் பிரிக்கப்பட்டிருந்தது. சம்பந்தக்காரருக்குக் கொண்டுபோன வெற்றிலை.

"கம்பியக் கொண்டாங்க காக்கா, கெதியா!" இளையதம்பி ஓடிவந்தான். "நான் போகோணும். ஓவசியர் வந்திட்டாரா?"

மர்சூக் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"வந்திட்டார். கோடு போட்டு முடிஞ்சுது."

இளையதம்பியின் முகம் கறுத்தது. தலையைக் குனிந்துகொண்டான். "ம். சரி. உங்களுக்குக் கிடைச்சுதுதானே."

"ஆறாவது இடம் உன்ட பேரில."

"என்ட பேரிலயா? நான்தான் அங்க இல்லியே!"

"உன்ட கம்பி கிடந்திச்சு."

இளையதம்பிக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபம் வந்தது. "ஆர் கேட்டது உங்கள? நான் இடத்துக்காகவா ஏத்தினன்? வல்லிபுரத்தார் எப்பிடிச் சம்மதிச்ச?"

"அவருட்டக் கேளு."

"புள்ள?"

"பொம்புளப் புள்ள."

இளையதம்பி விரல் முட்டியில் கசிந்த இரத்தத்தைச் சட்டையில் துடைத்தான். பெண்பிள்ளை பிறந்த வீட்டில் அடுத்த வேலை அவளுக்குச் சீதன வீடு கட்டுவது என்று வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியாதவர் இல்லை.

"ரெண்டு பேரும் பறைஞ்சு முடிச்சா என்னக் கல்லடியில விடுங்கடா! பொழுதுபடப் போகுது!" என்றார் கந்தப்போடியார் வாய் நிறைய வெற்றிலையோடு.

இளையதம்பி நடுப் பாலத்தில் நின்ற மர்சூக்கின் காருக்குப் பின்னால் போனான். தோளைக் கொடுத்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"காக்கா, இனி இந்தக் கார எங்க நிப்பாட்டுவீங்க?"

மர்சூக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மற்றத் தோளால் கதவுச் சட்டத்தை முட்டினான்.

"முதல்ல பாலத்தால இறக்குவம்" என்றான். "தள்ளு."